உடையாத பாட்டில்

1968-ம் ஆண்டு, செப்டம்பர் 23. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் பிரண்டல் என்கிற சின்ன ஊர். ஆற்றங்கரையில் புத்தம்புது டிரைமரான் ஒன்று தண்ணீரில் இறங்கத் தயாராக நின்றது. சம்பிரதாயப்படி ஷாம்பெயின் பாட்டிலை ஓங்கி அடித்தார் படகுக்காரரின் மனைவி கிளேர். பாட்டில் உடையவில்லை!

அதென்ன டிரைமரான்? நடுவில் ஒரு பெரிய உடல், இருபுறமும் ஒவ்வொரு சின்ன உடல். மூன்றையும் சேர்த்துக் கட்டினால் டிரைமரான். ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ நம்ம கட்டுமரத்திலிருந்து போன வார்த்தை. அதன் வாலை மட்டும் வெட்டி, முன்னால் ‘டிரை’யை ஒட்டி 1940-களில் இந்தப் பெயரை உண்டாக்கியவர் விக்டர் செட்செட் என்கிற உக்ரைன்காரர். இந்த வகைப் படகு பறக்கும். ஆனால், ஒருமுறை கவிழ்ந்தால் அவ்வளவுதான், தானாக நிமிராது.

படகுக்காரர் பெயர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். பிறந்தது நம்ம காஸியாபாத்தில். 36 வயது, நாலு குழந்தைகள், நொடித்துக்கொண்டிருந்த ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. தனியாளாக, எங்கும் நிற்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் போட்டியை ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை அறிவித்திருந்தது. வேகமாகச் சுற்றி வருபவருக்கு 5,000 பவுண்டு. ஜெயித்தால் கம்பெனி பிழைக்கும். படகுக்குப் பணம் போட்டவர் ஸ்டான்லி பெஸ்ட் என்கிற வியாபாரி. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: காரியம் நடக்காவிட்டால் படகை குரோஹர்ஸ்ட்டின் கம்பெனியே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பி.காம். படித்தவன் கண்ணுக்கு மொத்தக் கதையும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. பாதியில் திரும்பினால் திவால்!

‘டெய்ன்மத் எலெக்ட்ரான்’ என்று பெயர் வைத்தாச்சு. பிரண்டலிலிருந்து டெய்ன்மத் துறைமுகத்துக்கு முதல் ஓட்டம். மூன்று நாளில் முடியவேண்டியது, 13 நாள் இழுத்தது. எதிர்க்காற்றில் படகு முன்னேறவே மாட்டேன் என்றது. புதுப் படகின் முதல் ஓட்டம் எதற்கு? குறை கண்டுபிடிக்கத்தானே! குறைகள் வரிசையாகத் தெரிந்தன. சரிசெய்யத்தான் நாள் இல்லை. அக்டோபர் 31-க்குள் கிளம்பியாகணும் என்பது போட்டி விதி.

கடைசி நாளன்று கிளம்பினார். கிளம்பியதும் பாய் சிக்கிக்கொள்ள, கரைக்கு இழுத்துவந்து சரிசெய்து, சாயங்காலம் மறுபடி அனுப்பினார்கள். கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்கென்று பாய்மர உச்சியில் காற்றுப்பை, அதை இயக்க கம்ப்யூட்டர் என்பது அவர் திட்டம். வயர்கள் இருந்தன, கம்ப்யூட்டர்தான் இல்லை! தண்ணீர் இறைக்கும் குழாய்கள் கரையிலேயே தங்கிவிட்டன.

படகுக்குள் நீர் கசிந்தது. இதே படகில் தென்கடலுக்குள் போவது தற்கொலை. திரும்பினால் கடன். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார்... பொய்க் கணக்கு! அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக ரேடியோவில் சொன்னார். டிசம்பரில், ஒரே நாளில் 243 மைல் ஓடியதாக அறிவித்ததும் லண்டன் பத்திரிகைகள் கொண்டாடின.

கடைசியாக வந்து சேர்ந்தால் யாரும் கணக்கைப் புரட்ட மாட்டார்கள் என்பது நினைப்பு. விதி விடவில்லை. இன்னொரு டிரைமரானில் நிஜமாகவே சுற்றிவந்த நைஜல் டெட்லி, குரோஹர்ஸ்ட் துரத்துகிறார் என்று நம்பிப் படகை விரட்டினார். 1969 மே 21-ல், வீட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் மைல் இருக்கையில் படகு மூழ்கியது. ஆள் பிழைத்தார். இப்போது வேகப் பரிசு குரோஹர்ஸ்ட்டுக்குத்தான். ஜெயித்தால் ஒவ்வொரு பக்கத்தையும் நிபுணர்கள் புரட்டுவார்களே!

ஜூலை 10-ல் ‘பிகார்டி’ என்ற கப்பல் ஆளில்லாத அந்தப் படகைக் கண்டது. உள்ளே நிஜக் கணக்கு பத்திரமாக இருந்தது. கடைசியாக அவர் எழுதியது ஜூலை 1-ல். உடல் கிடைக்கவே இல்லை.

போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் முடித்தவர் ஒருவர்தான், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 32 அடி ‘சுஹைலி’ நம்ம பம்பாயில் கட்டிய தேக்குப் படகு. வேகம் கம்மி, ஆனால் கடலில் பலமுறை அடிபட்டுத் தேறியது. 312 நாளில் வந்து சேர்ந்தது. 5,000 பவுண்டும் அவருக்கே கிடைத்தது. அதை அப்படியே குரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார் மனிதர்.