கால் பெருவிரல் கோணல் அறுவை சிகிச்சை

கால் பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து, அதன் அடிமூட்டு பாதத்தின் உட்பக்கம் புடைத்து நிற்கும் கோளாற்றை (ஹாலக்ஸ் வால்கஸ்) சரிசெய்யும் எலும்பியல் அறுவை சிகிச்சை. அகலமான செருப்பு, மெத்தைப்பட்டை ஆகியவற்றால் வலி தணியாதபோதே இது பரிந்துரைக்கப்படுகிறது. அழகுக்காக மட்டும் செய்வது ஏற்கத்தக்கதன்று.

முதல் பாத எலும்புக்கும் பெருவிரலுக்கும் இடையிலான கோணம் இயல்பாக 15 பாகைக்குள் இருக்கும். நின்ற நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இதை அளந்தே முறை தேர்வாகிறது. புடைப்பை மட்டும் செதுக்கினால் கோணல் பெரும்பாலும் திரும்பும்; எனவே எலும்பையே வெட்டி நகர்த்துவர். லேசான கோணலுக்குப் பாத எலும்பின் தலைப்பகுதியில் 'V' வடிவ வெட்டு (செவ்ரான்), நடுத்தரமானதற்குத் தண்டில் 'Z' வடிவ வெட்டு (ஸ்கார்ஃப்). நகர்த்திய துண்டைத் திருகாணி பிடித்துக்கொள்ளும். பாத எலும்பின் அடிமூட்டு தளர்ந்திருந்தால் அதை ஒட்டவைக்கும் லாபிடஸ் முறை பொருந்தும். மூட்டுத் தேய்வு முற்றியவர்களுக்குப் பெருவிரல் மூட்டையே இணைத்துவிடுவதுண்டு. 1904இல் வெளியான கெல்லர் முறை விரலெலும்பின் அடியை அகற்றுவது. விரல் வலுவிழப்பதால் இன்று அரிதாகிவிட்டது.

அறுவைக்குப் பின் சுமார் 6 வாரம் தனிக் காலணி தேவை. வீக்கம் வடியச் சில மாதங்களாகும். தொற்று, மரமரப்பு, மூட்டு இறுக்கம், கோணல் மீளுதல் ஆகியன இதன் சிக்கல்கள்.