பயமும் பக்தியும்: கல்பாத்தியிலிருந்து மங்கலதேவி வரை

"தாத்தா, பயத்தில் கும்பிடுவது பக்தியா?" என்று என் பேரன் ஒரு நாள் கேட்டான். பௌதிகம் படித்து, சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தவன் நான். இருந்தும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கேரளத்தின் இரண்டு கோவில்களின் சரித்திரத்தை யோசித்தபோதுதான் பதில் கிடைத்தது.

முதலாவது எங்கள் பாலக்காட்டுக் கல்பாத்தி விசுவநாத ஸ்வாமி கோவில். லக்ஷ்மி அம்மாள் என்ற விதவை காசி யாத்திரை சென்று ஒரு பாணலிங்கத்தைக் கொண்டு வந்தார்; அத்துடன் 1,320 பொற்காசுகளைப் பாலக்காடு ராஜா இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்துக் கோவில் கட்டச் சொன்னார் என்பது ஸ்தல வரலாறு. காலம் 1425. ரயில் இல்லாத அந்நாளில் காசிக்குப் போகிறவர் திரும்புவார் என்ற நிச்சயம் கிடையாது. பயம் போகட்டும் என்று அந்த அம்மாள் காத்திருந்தால் கல்பாத்தித் தேரை நாம் பார்த்திருக்க முடியாது.

இரண்டாவது, இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி, பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோவில். மதுரை எரிந்தபின் கண்ணகி மலையேறி, வேங்கை மர நிழலில் நின்றாள் என்கிறது சிலப்பதிகாரம். அவள் எந்த ஊர், யார் மகள் என்பது மலைக்குறவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் தெய்வமென்று கொண்டாடினார்கள். செய்தி கேட்ட சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டு வந்து கோவில் எழுப்பினான். பாண்டிய நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அவளுக்குச் சாந்தி செய்தான் என்றும் அந்நூலில் வருகிறது. ஆக, அவளுடைய வழிபாட்டின் தொடக்கத்திலேயே பயமும் இருக்கிறது.

அந்தக் கோவில் இதுதான் என்று 1960-களில் ஆராய்ந்து சொன்னவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். கொடுங்கல்லூர்தான் என்போரும், திருச்செங்கோடு என்போரும் உண்டு. சந்தேகமறத் தீர்ந்த விஷயமல்ல.

இன்று அங்கே இடிந்த கருங்கல் சுவர்களே மிச்சம். வருஷத்தில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பொதுமக்களுக்கு அனுமதி. தேனி, இடுக்கி மாவட்ட அதிகாரிகள் சேர்ந்து ஏற்பாடு செய்கிறார்கள். தமிழகப் பூசாரிகளும் கேரளப் பூசாரிகளும் பூஜை செய்கிறார்கள். மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். யானை நடமாடும் காடு.

கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷமும் திருவிழா இல்லை. 2022-ல் அனுமதித்தபோது நானும் போனேன். முந்தைய வருஷம்தான் அந்த வியாதிக்கு என் தம்பியைப் பறிகொடுத்திருந்தேன். கூட்டத்தில் நிற்கவே பயம். குமுளியிலிருந்து ஜீப் மேடு பள்ளத்தில் ஆடி ஆடி ஏறிற்று. பக்கத்தில் கம்பத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, மடியில் வளையல் பொட்டலத்தோடு கம்பியை இறுகப் பிடித்திருந்தார். "பயமா இருக்கா பாட்டி?" என்றேன்.

"பயமாத்தான்யா இருக்கு. அதுக்காக வராம இருக்க முடியுமா?" என்றார்.

கூரையில்லாத சன்னிதியில் என் தம்பிக்காகக் கண்ணை மூடி நின்றேன். இது சிலப்பதிகாரக் கோட்டம்தானா என்ற கேள்வி அப்போது எழவில்லை. கீழே இறங்கிய பிறகு எழுந்தது, இன்னும் இருக்கிறது. இருக்கட்டும். நிரூபணம் கிடைத்த பிறகே அடுத்த அடி வைப்பது ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தும். லக்ஷ்மி அம்மாளும் மலைக்குறவர்களும் அப்படிக் காத்திருக்கவில்லை.

பேரனுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன்: "பயம் போன பிறகு வருவதல்ல பக்தி. பயத்தையும் கூட்டிக்கொண்டு சன்னிதிக்குப் போவதுதான்."