கணக்கில் வராத பிள்ளைகள்

"எத்தனை பிள்ளை பெத்தீங்க?" என்று கேட்டால், எங்கள் உம்மம்மா "பெத்தது ஒம்பது, இருக்கிறது ஆறு" என்பார். மௌத்தான மூன்றில் இரண்டு, பெயர் வைக்கும் ஏழாம் நாளைக் காணாதவை. அவற்றுக்குப் பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் சட்டமானது. முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. ஆனாலும் பதியப் போனால்தானே பதிவு? ஆஸ்பத்திரியும் அப்படித்தான். வந்த நோயாளியை எண்ணும், வராதவரை எண்ணாது.

இந்தக் குறைக்கு மாற்று 1926இல் களுத்துறையில் உருவானது. ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அங்கே தொடங்கியது. எல்லை வகுத்த ஒரு பிரதேசம், அதற்குப் பொறுப்பாக ஒரு வைத்திய அதிகாரி, அவரின் கீழ் வீடு வீடாகச் செல்லும் தாதியர், மருத்துவ மாதுகள், சுகாதாரப் பரிசோதகர்கள். பின்னர் நாடெங்கும் பரவிய எம்.ஓ.எச். முறைக்கு இதுவே அடித்தளம். இன்று நம் வாசலுக்கு வரும் 'மிட்வைஃப் மிஸ்'ஸின் கொப்பிக்கும் வேர் அங்குதான்.

எண்கள் பேசும் கதை பெரியது. மலேரியா கொள்ளைநோய் சூறையாடிய 1935இல், உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளுக்கு 263 ஒரு வயதுக்குள் இறந்தன. 1946இல் அது சுமார் 141. மறுவருடமே 101. இறங்கியதற்கு டி.டி.ரி. காரணமா, கிராமத்துக்குப் போன மருத்துவ சேவை காரணமா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். இன்று அந்த எண் பத்துக்குள் நிற்கிறது.

ஆனால் 'ஆயிரத்துக்கு இத்தனை' என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உம்மம்மாவின் இரண்டு பிள்ளைகளைப் போல, பிறப்பிலும் இறப்பிலும் விடுபடும் பிள்ளைகள் கூடக்கூட, ஊர் சுகமான ஊராகத் தெரியும். ஒளிக்காமல் எழுதும் மாதுவின் பகுதியோ முதலில் மோசமாகத் தெரியும். குறைந்த எண்ணை மட்டும் மெச்சினால், நேர்மையாக எழுதுகிறவரைத் தண்டிக்கிறோம். எனவே எண்ணைப் பார்க்கும்போது, யார் எழுதினார், எத்தனை வீடு ஏறினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஊர் வரலாறு எழுதும் நாம் பள்ளிவாசல் தர்மகர்த்தாக்களையும் வர்த்தகப் பிரமுகர்களையும் தேடி அலைகிறோம். மையவாடியில் மீஸான் கல் இல்லாத சின்னக் கப்றுகளும் நம் வரலாறுதான். அவற்றுக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஏடு மூத்த பெண்களின் ஞாபகம். அவர்கள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டு எழுதுவோம்: "பெத்தது எத்தனை, இருக்கிறது எத்தனை?"