டப்ளினில் மூடிய ஆய்வுக்கூடம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வுக்கூடம்னா நிரந்தரம் என்று விடுதி நாட்களில் நாம் எல்லோரும் நம்பினோம், இல்லையா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2000-ல் அயர்லாந்தின் டப்ளினில் 'மீடியா லேப் யூரோப்' தொடங்கியது. இடம், கின்னஸ் பீர் ஆலையின் பழைய கிடங்கு! அயர்லாந்து அரசு முதல் போட்டது. மீதியைக் கம்பெனிகள் தரும் என்பது கணக்கு. டாட்காம் சரிவில் அந்தக் கணக்கு படுத்துவிட்டது. புதிய நிதி ஏற்பாட்டில் அரசும் எம்.ஐ.டி.யும் ஒத்துப்போகவில்லை. 2005 ஜனவரியில் இயக்குநர் குழுவே நிறுவனத்தைக் கலைக்க முடிவெடுத்தது. ஆய்வு மோசம் என்பதால் அல்ல, காசு இல்லை, அவ்வளவுதான். பாவம், பாதி ஆய்வில் இருந்த பசங்க! கடன் ஏறுமுன் நிறுத்தியதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நம் நாட்டில் 2001-ல் வந்த 'மீடியா லேப் ஏசியா' கதை வேறு. 2003-ல் எம்.ஐ.டி. விலகியது, இந்திய அரசு அதை விடாமல் தொடர்ந்து நடத்தியது.