பிரம்பனான் கோயில் ராமாயணமும் நம்ம சுவர்ப் படங்களும்

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. சுவர்ப் படங்கள் பற்றி நம்ம வாட்சாப் குழுவில் நடக்கிற வாக்குவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கு. அது பின்னாடி வரும். முதலில் ஜாவாவுக்குப் போயிட்டு வருவோம்.

யோக்யகர்த்தா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பிரம்பனான் கோயில். நடுவில் சிவன் கோயில், உயரம் 47 மீட்டர். அதற்குத் தெற்கே பிரம்மா, வடக்கே விஷ்ணு, இரண்டும் 33 மீட்டர். சுற்றியிருந்த சின்னக் கோயில்களையும் சேர்த்தால் மொத்தம் 240 என்று கணக்கு. கி.பி. 856-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, சிவனுக்குக் கோயில் எழுப்பியதையும் அதற்காக ஒரு ஆற்றின் போக்கையே திருப்பி விட்டதையும் சொல்கிறது. அது இந்தக் கோயில்தான் என்பது அறிஞர்கள் கருத்து. தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. அதற்கு 150 வருஷம் முன்னாடியே, தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி இவ்வளவு தூரத்தில், இப்படி ஒரு சிவாலயம்!

கருவறையில் கிழக்கு பார்த்து மகாதேவர் நிற்கிறார். மேற்கு அறையில் பிள்ளையார், வடக்கு அறையில் மகிஷனை வதைத்த துர்க்கை. தெற்கு அறையில் யார் தெரியுமா? அகத்தியர். நம்ம அகத்தியரேதான். தாடி, தொந்தி, கையில் ஜபமாலை. நாங்கள் கோயில் குழுவாகப் போயிருந்தபோது எல்லாரும் அதிக நேரம் நின்றது அந்தச் சின்ன இருட்டு அறையில்தான்.

இப்போ ராமாயணத்துக்கு வருவோம். சிவன் கோயிலில் ராமாயணம் எதுக்கு என்று சிலர் கேட்பாங்க. இது புதுசு இல்லை. கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலும் புள்ளமங்கை பிரம்மபுரீஸ்வரர் கோயிலும் சிவாலயங்கள்தான். இரண்டிலும் சோழர் காலத்தில் ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கி வச்சிருக்காங்க, உள்ளங்கை அளவுக்கு. நாம போட்டுக்கொள்ளும் சைவ வைணவச் சண்டை அந்தச் சிற்பிகளுக்கு இல்லை.

பிரம்பனானில் அது உள்ளங்கை அளவு இல்லை. கிழக்குப் படியேறி இடது பக்கம் திரும்பினால், கோயிலைச் சுற்றி வர ஒரு நடைபாதை. அதன் வெளிக் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் முழுக்கக் கதைதான். ஆதிசேஷன் மேல் விஷ்ணு, அவரிடம் முறையிட வந்திருக்கும் தேவர்கள், பக்கத்தில் கருடன். அங்கே ஆரம்பிக்கிறது. கோயிலை வலக்கைப் பக்கம் வைத்து நாம் வலம் வர வர, இடக்கைப் பக்கம் கதையும் கூடவே நடந்து வரும். வனவாசம், சீதையைத் தூக்கிச் செல்வது, வாலி வதம், அனுமன் இலங்கை போவது என்று போய், குரங்குகள் கல்லைத் தூக்கிக் கடலில் பாலம் கட்டி, சேனை அக்கரைக்குப் போகிற இடத்தில் சிவன் கோயில் சுற்று முடிகிறது. படமும் அங்கே நின்றுவிடும். மீதிக் கதை வேண்டுமா? படியிறங்கி, முற்றத்தைக் கடந்து, பிரம்மா கோயிலில் ஏற வேண்டும். இலங்கை யுத்தம் அங்கேதான். ராமர் சேனை கடலைத் தாண்டியது மாதிரி நாமும் ஒரு வெட்டவெளியைத் தாண்டித்தான் இலங்கைக்குப் போகிறோம். சிற்பிகள் இதை நினைத்துத்தான் செய்தார்களா என்று யாரும் கேட்காதீங்க. நடந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கு.

அந்தப் பாலத்துக்கிட்ட கொஞ்சம் நிற்போம்.

வால்மீகியில் பாலம் கட்டுவது நளன், விஸ்வகர்மாவின் மகன். நூறு யோசனை தூரம், ஐந்து நாள் வேலை. முதல் நாள் 14 யோசனை, அப்புறம் 20, 21, 22, கடைசி நாள் 23. கூட்டிப் பாருங்க, சரியா 100 வரும். எங்களில் பலர் தொழிற்சாலையில் தினசரி உற்பத்திக் கணக்கு எழுதுகிறவர்கள். முதல் நாள் குறைவு, கை பழகப் பழக வேகம் கூடுது என்று ஒரு கவி அன்றைக்கே எழுதியிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டோம்.

ஆனா பிரம்பனான் கல்லில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அங்கே இருப்பது மீன்கள். குரங்குகள் கல்லைப் போடுது. கடலுக்குள் மீன்கள் வாயில் கல்லைக் கவ்விக்கொண்டு இருக்கு. வால்மீகியில் இப்படி ஒரு காட்சி கிடையாது. கம்பரைக் கேட்கவே வேண்டாம். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் கம்பர் இந்தக் கோயிலுக்குப் பிறகு வந்தவர்.

அப்போ சிற்பி இதை எங்கேயிருந்து எடுத்தார்? பதில் நம்ம நாட்டுப் பக்கமே இருக்கு. மலாய் மொழியில் 'ஹிக்காயாட் செரி ராமா' என்று ஒரு பழைய ராமாயணம் உண்டு. அதன் பழைய ஏட்டுப் பிரதி ஒன்று 1633-லேயே இங்கிலாந்துக்குப் போய், இன்றைக்கும் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கிறது. அதில் ராவணன் பக்கத்து ஆணைப்படி மீன்கள் பாலத்தைக் கலைக்க வரும், அனுமன் முறியடிப்பார். தாய்லாந்து ராமகியனில் இதே கதை இன்னும் அழகாக இருக்கு. அங்கே மீன்களுக்குத் தலைவி சுவன்னமச்சா, பாதி பெண், பாதி மீன், ராவணனின் மகள்.

ஸ்டட்டர்ஹைம் என்ற டச்சு அறிஞர் 1925-ல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். பிரம்பனான் சிற்பங்கள் வால்மீகியை விட இந்த மலாய்க் கதைக்குத்தான் பல இடத்தில் நெருக்கம் என்பது அவர் கண்டது. இன்னும் இரண்டு இடம் சொல்கிறோம்.

வால்மீகியில் சீதை தன் நகைகளைத் துணியில் முடிந்து, மலைமேல் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் நடுவே போடுகிறார். கல்லில் பார்த்தால் ஜடாயு ஒரு மோதிரத்தை ராமரிடம் கொண்டு வந்து கொடுக்கிறது. சீதை கொடுத்தனுப்பிய மோதிரம். நமக்குக் கணையாழி என்றால் ராமர் அனுமனிடம் கொடுத்து அனுப்பியதுதான் ஞாபகம் வரும். இங்கே அதற்கும் முந்தியே ஒரு மோதிரம் பயணம் செய்யுது, சாகப்போகிற ஒரு பறவையின் அலகில். அதைப் பார்த்து எங்களோடு வந்த அம்மாக்கள் கண் கலங்கினாங்க. இது வால்மீகியில் இல்லையே என்று அந்த நேரத்தில் யாருக்கும் சொல்லத் தோணலை.

இன்னொன்று சுக்ரீவன். வால்மீகியில் அனுமன்தான் முதலில் மாறுவேஷத்தில் வந்து பேசுவார். பிரம்பனானில் ராமருக்குத் தாகம். லட்சுமணர் அம்பறாத்தூணியில் தண்ணீர் பிடித்துத் தருகிறார். மலாய்க் கதையில் அது தண்ணீரே இல்லை, மரத்துமேல் உட்கார்ந்து அழும் சுக்ரீவனின் கண்ணீர். மனைவியைப் பிரிந்த ஒருத்தர், மனைவியைப் பிரிந்த இன்னொருத்தரின் கண்ணீரைக் குடித்துத்தான் நட்பு ஆரம்பிக்கிறது. சொல்லுங்க, இதைத் தப்பு என்று எப்படி அழிப்பது?

அந்த மலாய்க் கதையில் இருக்கிற எல்லாத்தையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. அதில் அனுமன் ராமருக்கே பிள்ளையாக வருகிறார். ராவணன் தவத்தில் நபி ஆதாம் வருகிறார். நமக்கு அது ஒட்டாது. ஆனால் கதையை இத்தனை நூறு வருஷம் காப்பாற்றி வைத்தது அவங்கதான். கிளந்தான் நிழற்கூத்தில் ராமரும் சீதையும் மகாராஜா வானா என்ற பெயரில் ராவணனும் வருவது எல்லாம் அந்தக் கதையின் பிள்ளைகள். பிரம்பனான் முற்றத்துக்குப் பக்கத்தில் 1961-லிருந்து ராமாயண நாட்டிய நாடகம் நடக்குது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சீதை தீயில் இறங்கும்போது கூட்டம் மூச்சுவிடாமல் பார்க்கும்.

பிரம்மா கோயிலுக்குப் போனால் கும்பகர்ணன், ராவணன் வதம் எல்லாம் முடிந்தும் கதை நிற்காது. சீதை மறுபடி காட்டுக்குப் போகிறார். முனிவர் ஆசிரமம், லவ குசர். ஜாவாவில் அதே காலத்துக் கவிதையாகச் சொல்லப்படும் காகாவின் ராமாயணம் ராமரும் சீதையும் சேர்வதோடு முடிகிறது. கம்பரும் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தினார். நம்ம வீடுகளில் உத்தர காண்டம் படிக்கவே கூடாது என்று பெரியவங்க சொல்வாங்க. கல்லில் செதுக்கினவர் அதையும் விடவில்லை. புத்தகத்தில் நிறுத்திய இடத்தில் சிற்பம் நிற்கணும் என்று கட்டாயம் இல்லை போல.

அப்புறம் அந்தக் கோயில் இடிந்தது நீண்ட கதை, சுருக்கமாகச் சொல்கிறோம். 10-ஆம் நூற்றாண்டில் ராஜ்ஜியம் கிழக்கு ஜாவாவுக்குப் போனது. கோயில் கவனிப்பாரில்லாமல் போய், நிலநடுக்கத்தில் சரிந்தது. ராபிள்ஸ் ஆட்சியில், 1811 வாக்கில், கோலின் மெக்கன்சியின் ஆட்கள் வந்து அளந்தார்கள். (தமிழ்நாட்டு ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்த அதே மெக்கன்சிதான்!) சிலைகளை டச்சுக்காரர்கள் தோட்ட அலங்காரத்துக்கு எடுத்துப் போனார்கள், ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல் எடுத்தார்கள். 1918-ல் தொடங்கிய சீரமைப்பில் சிவன் கோயில் 1953-ல்தான் முடிந்தது. அங்கே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பழைய கல் முக்கால் பங்காவது கிடைத்தால்தான் ஒரு கோயிலைத் திரும்ப எழுப்புவது, இல்லாவிட்டால் குவியலாகவே விடுவது. அதனால்தான் சுற்றிலும் அத்தனை கற்குவியல். 2006 நிலநடுக்கத்தில் மறுபடி சேதம், மறுபடி வேலை. 2019 நவம்பரில் அங்கே அபிஷேக விழா நடந்தது. 856-லிருந்து எண்ணினால் 1163 வருஷம் கழித்து.

சரி, இப்போ நம்ம விஷயம்.

திருப்பணியில் வெளிப்பிராகாரச் சுவரில் இருக்கும் ராமாயணப் படங்களைத் திரும்ப எழுதப் போகிறோம். அணில் படத்தை எடுத்துடுங்க, வால்மீகியில் இல்லை என்று சிலர் எழுதியிருக்கீங்க. உண்மைதான், வால்மீகியில் இல்லை. கம்பரிலும் இல்லை. ஆனால் தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் அந்த அணில் இருக்கு. ஆழ்வார் வாயில் வந்ததை விட என்ன அத்தாட்சி வேண்டும்? அங்கே ஜாவாக்காரர்கள் தங்கள் மீனை வைத்தார்கள். இங்கே நம்ம சுவரில் நம்ம அணில் இருக்கட்டும். குழந்தைகள் அந்தச் சுவரில் முதலில் தொட்டுப் பார்ப்பதும் அதைத்தான், பெயிண்ட் தேய்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தாலே தெரியும்.

லட்சுமணர் கோடு படம் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. அதுவும் வால்மீகியில் இல்லை, கம்பரிலும் இல்லை. கம்பர் ராவணனை சீதையைத் தொடவே விடவில்லை, பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போக வைத்தார். அந்தக் காட்சியை வரைந்தால் நம்ம பிள்ளைகளுக்குக் கம்பர் பெயரையாவது சொல்லலாம் என்பது எங்களில் பாதிப் பேர் எண்ணம். நிர்வாகம் முடிவு செய்யட்டும். தொலைக்காட்சித் தொடரில் வந்த நடிகர் முகத்தை ராமருக்கு வரைவது மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் எல்லாரும் ஒரே பேச்சு.

ஆனால் அணிலைப் பற்றி இத்தனை பேர் பேசினீங்களே, ஒன்றை யாராவது கவனிச்சீங்களா? நம்ம சுவரில் கதை தலைகீழா ஓடுது. வலம் வர ஆரம்பிக்கும் இடத்தில் பட்டாபிஷேகம், கடைசியில் வந்து சேரும் இடத்தில் புத்திரகாமேஷ்டி யாகம். சாமியைச் சுற்றுகிறவர் ராமரைப் பட்டத்திலிருந்து இறக்கி, காட்டுக்கு அனுப்பி, தொட்டிலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். கிழக்கு ஜாவா பனத்தாரான் கோயிலில் ராமாயணம் இடப்பக்கமாகத்தானே சுற்றுது என்று விஷயம் தெரிந்தவங்க யாராவது கேட்கலாம். ஆமாம், அங்கே அந்த முறை. நம்ம கோயிலில் நாம் வலம் வருகிறோம், அந்தச் சுவரும் வலம் வருகிறவர்களுக்காகத்தான். திரும்ப எழுதும்போது வரிசையை மாற்றச் சொல்லி ஓவியரிடம் பேசியிருக்கிறோம். முடியும் என்கிறார், சுவர் நீளம் மட்டும் மறுபடி அளக்கணுமாம்.

பழைய வண்ணத்தைச் சுரண்டுவதற்கு முன்னால் ஒரு உதவி. இந்தப் படங்களை முதலில் எழுதிய ஓவியரின் கைவேலை பின்னாடி இரண்டு தடவை அடித்த பெயிண்டில் மறைஞ்சிடுச்சு. அணில் முதலில் எப்படி இருந்தது, ராமர் கை அதன் முதுகில் இருந்ததா, பக்கத்தில் இருந்ததா என்று தெரியலை. யார் வீட்டிலாவது பழைய போட்டோ இருந்தால் அனுப்புங்க. கல்யாணப் படம், காது குத்துப் படம், பால்குடம் எடுத்த படம் எதுவானாலும் சரி, பின்னாடி அந்தச் சுவர் கொஞ்சம் தெரிஞ்சாலே போதும்.