உண்டையின் எடை: ஆனைமலை எல்லையில் மண்ணும் ஈயமும் காற்றும்

'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கிய மொழியிலிருந்து கிளைத்துப் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிய அகராதியில் இச்சொல்லின் முன்வடிவம் பதிவாகியுள்ளது. அங்கே அதற்கு வெடிமருந்தோடு தொடர்பே இல்லை. மரக்கிளையைக் குடைந்து குழலாக்கி, சிறு உண்டையை உள்ளே இட்டு, வாயால் ஊதிக் குருவி அடிக்கும் கருவியையே அது குறித்தது. அதாவது, சொல்லின் வரலாற்றில் முதல் துப்பாக்கி ஒரு காற்றுத்துப்பாக்கி. மருந்து பின்னர் வந்தது. பெயர் பழையதே நின்றுவிட்டது.

உந்துவது மூச்சாயினும், நாணாயினும், மருந்தாயினும், அழுத்தி அடைத்த காற்றாயினும், எய்பவர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: உண்டை எவ்வளவு எடை இருக்க வேண்டும்? பெருந்துளைக் காற்றுத்துப்பாக்கிக்கு ஈயக்குண்டு வார்ப்போர் இன்று கேட்பதும் இதுவே. பாலக்காட்டின் நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் தொடங்கி, வால்பாறை வழியாக, இடுக்கியின் மறையூர், மூணாறு வரை நீளும் ஆனைமலைத் தொடரில் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் பின்தொடர்ந்தால், எடையைத் தீர்மானித்தது கருவியின் இயல்பு மட்டுமன்று என்பது புலப்படும். கொல்வதற்கா, விரட்டுவதற்கா என்பதும், அதைச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதும் அதில் அடங்கியிருந்தன.

சொற்களிலிருந்து தொடங்கலாம். இவ்வெல்லையில் தமிழும் மலையாளமும் அருகருகே புழங்குகின்றன. தமிழில் 'குண்டு', 'ரவை', 'தோட்டா' ஆகியவை துப்பாக்கிக்கு உரியவை. 'உண்டை' மண்ணுருண்டை, சோற்றுருண்டை என்ற பொருளோடு ஒதுங்கிவிட்டது. மலையாளத்திலோ அதே சொல் 'வெடியுண்ட' என்று ஈயக்குண்டின் மீது ஏறிக்கொண்டது. தமிழிலும் பழைய வழக்கில் உண்டை எய்பொருளே. களிமண் உருண்டையை எறியும் வில் 'உண்டைவில்' எனப்பட்டது. இளம் இராமன் கூனியின் முதுகில் உண்டை தெறித்த செய்தி நம்மாழ்வாரின் திருவாய்மொழியிலும் கம்பராமாயணத்திலும் வருகிறது. அந்த உண்டை கொல்லவில்லை. நோகச் செய்தது, நினைவில் தங்கியது. கதை நகர்வதற்கே அந்த எடைக்குறைவு தேவைப்பட்டது.

குறிஞ்சித் திணைப் பாடல்களில் எய்பொருளின் முதன்மைப் பணி விரட்டுதலே. தினைப்புனம் காக்கும் மகளிர் கிளி கடியத் தழல், தட்டை, குளிர் போன்ற கருவிகளைக் கையாண்டனர். பரண்மேல் நின்ற கானவர் கவண்கல் எறிந்து யானையை அகற்றினர். கவணுக்குரிய கல்லைத் தேர்வதிலும் ஓர் அளவு உண்டு. மிக இலேசான கல் காற்றில் வேகம் இழந்து இலக்கை எட்டாது. மிகக் கனமான கல்லைக் கை போதிய வேகத்தில் சுழற்ற இயலாது. இவ்விரண்டுக்கும் இடையில், எறிபவரின் தோள்வலிமைக்கு ஏற்ற ஒரு நடுவெடை அமைகிறது. அந்த எடையுள்ள கல் யானையைத் திருப்பும், வீழ்த்தாது. புனம் காப்பவருக்கு வேண்டியதும் அவ்வளவே.

ஈயம் இந்தக் கணக்கை மாற்றியது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயத்தின் எடை 11.34 கிராம், அதே அளவு களிமண்ணின் எடை இரண்டு கிராமை ஒட்டியே இருக்கும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். எனவே அடுப்புக்கரி நெருப்பும் ஒரு கரண்டியும் ஓர் அச்சும் இருந்தால் வீட்டுமுற்றத்திலேயே குண்டு வார்க்கலாம். துப்பாக்கியின் பெயரே எடையால் அமைந்தது. '12 போர்' என்பது குழலின் அளவை நேரடியாகச் சொல்வதன்று. அக்குழலுக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதே அதன் பொருள். அப்படியானால் ஓர் உருண்டை 37.8 கிராம். 8 போர் உருண்டை 56.7 கிராம், 4 போர் 113.4 கிராம். எண் குறையக் குறைய எடை கூடும். உருண்டையின் விட்டம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும் என்பதால், குழல் சற்றே அகன்றாலும் தோளில் விழும் உதை பெருமளவு கூடும்.

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் இந்தக் கனத்தையே நம்பினர். கரும்வெடிமருந்தின் காலத்தில் குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்த முடியவில்லை. யானை, காட்டெருது போன்ற பெருவிலங்குகளின் எலும்பைத் துளைக்க எஞ்சிய வழி எடையைக் கூட்டுவது. இலங்கைக் காடுகளில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1840இல் தமக்கெனச் செய்வித்த துப்பாக்கி 21 பவுண்டு எடையுடையது. அது மூன்று அவுன்ஸ் உருண்டையையும் நான்கு அவுன்ஸ் கூம்புக்குண்டையும் எறிந்தது. தூய ஈயம் எலும்பில் பட்டுத் தட்டையாகிவிடுவதால், யானைக்கெனத் தகரம் கலந்து குண்டைக் கடினமாக்குவது அக்கால வழக்கம். தகரம் ஈயத்தைவிட இலேசானது. ஆகவே ஒரே அச்சில் வார்த்தாலும் கலப்புக் குண்டு சற்று எடை குறையும். வன்மையும் கனமும் ஒன்றையொன்று விலை கேட்டன.

ஆனைமலைப் பகுதியில் இவ்வேட்டை மரபின் முதன்மையான பதிவு டக்ளஸ் ஹாமில்டனுடையது. சென்னைப் படையின் அதிகாரியாகிய அவர் 1850களில் ஆனைமலைத் தேக்குக் காடுகளின் பொறுப்பில் இருந்தவர். 1862இல் ஆனைமுடி உச்சியில் ஏறியவர். ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் அவர் ஆடிய வேட்டைகளின் குறிப்புகள் 1892இல் நூலாயின. கானவர் அகற்ற நினைத்த யானை, இம்மரபில் வீழ்த்துவதற்குரிய இலக்காயிற்று. அதனோடு எய்பொருளின் எடையும் ஏறியது.

இதே காலத் தொடரில் காற்று மற்றொரு விடையை வைத்திருந்தது. பார்தொலொமேயுஸ் ஜிராண்டோனி உருவாக்கிய காற்றுத்துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780இல் ஏற்றது. தோளில் சாயும் பின்பகுதியே உலோகக் காற்றுக்கலம். அதை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை பம்பு அடிக்க வேண்டும். பக்கத்திலிருந்த நீள்குழலில் 22 ஈய உருண்டைகள் அடங்கும். ஏறத்தாழ 11.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உருண்டை, கணக்கிட்டால், 9.5 கிராம் வரும். ஆங்கில அளவையில் அது சுமார் 147 கிரெயின். நம் பழைய அளவையில் 80 குன்றிமணிக்கு அருகில், அதாவது ஏறத்தாழ இரண்டு கழஞ்சு. கிரெயின் என்பதும் தானியமணியே. குண்டை நிறுக்க ஆங்கிலேயரும், பொன்னை நிறுக்கத் தமிழரும் விதையையே நாடியுள்ளனர்.

மருந்தும் காற்றும் வேறுபடும் இடம் இங்குதான். மருந்துத் துப்பாக்கியில் கனமான குண்டுக்கு மருந்தைக் கூட்டலாம். காற்றுத்துப்பாக்கியில் கலத்தின் அழுத்தமே எல்லை. குண்டு கனத்தாலும் காற்று கூடுதலாகத் தள்ளாது. ஆயினும் கனமான குண்டு குழலை மெல்லக் கடக்கும். அதனால் வால்வு வழியே விரியும் காற்று அதன் பின்புறத்தை நெடுநேரம் உந்துகிறது. இலேசான குண்டோ காற்று தன் வேலையை முடிக்குமுன் குழலை விட்டு வெளியேறிவிடும். மிஞ்சிய அழுத்தம் ஓசையாக வீணாகும். எனவே பெருந்துளைக் காற்றுத்துப்பாக்கியில் எடை கூடக் கூட வேகம் குறைந்தாலும், ஓர் எல்லை வரை ஆற்றல் ஏறுகிறது. அந்த எல்லைக்கு அப்பால் குண்டின் பாதை வளைந்து விழத் தொடங்கும். தொலைவைச் சற்றுத் தவறாக மதித்தாலும் குறி தப்பும். மேலும், ஒரே விட்டத்தில் எடை கூடுவதென்றால் குண்டு நீள வேண்டும். நீண்ட குண்டு நிலையாகச் சுழலக் குழலின் உட்புறத் திருகுவரி நெருக்கமாக இருக்க வேண்டும். கவண்கல்லுக்குத் தோள் வகுத்த நடுவெடையைப் போல, இங்கே கலமும் வால்வும் குழலும் சேர்ந்து ஒரு நடுவெடையை வகுக்கின்றன.

ஆனால் இம்மலைகளில் எடையைத் தேரும் உரிமை எய்பவரிடம் நீடிக்கவில்லை. 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய இடுக்கி திருவிதாங்கூரைச் சேர்ந்தது. சென்னை அரசு 1873இல் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைப்பதைத் தடுத்தது; ஐரோப்பியருக்கோ விதிவிலக்கு இருந்தது. கண்ணன் தேவன் மலைகளில் தோட்டக்காரர்கள் 1928இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்து, இரவிகுளத்துப் புல்வெளிகளைத் தம் வேட்டைக்கெனக் காத்தனர். முதுவர்கள் அங்கே காவலர்களாயினர். அவ்வேற்பாட்டினால் வரையாடு பிழைத்தது என்பதை மறுக்க முடியாது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது அதன் தொடர்ச்சியே. எனினும், விலங்கைக் காத்ததும் அதை எய்ததும் ஒரே சங்கம். காட்டை நன்கறிந்தவர் அதில் ஊழியராக மட்டுமே இடம்பெற்றார்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தந்த வரையறை விரிவானது. கொல்வதோடு, கண்ணி வைப்பதும் விலங்கை ஓட்டுவதும்கூட அதில் அடங்கும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுரிமைகளை ஏற்றபோதும், வேட்டையை வெளியே நிறுத்தியது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் காற்றுத்துப்பாக்கிக்கு 20 ஜூல், 4.5 மில்லிமீட்டர் என்னும் இரு அளவுகோல்களை வகுத்து, அவற்றை மீறுபவற்றை உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தன. அந்த எல்லைக்குட்பட்ட குண்டு அரைக் கிராமை ஒட்டிய எடையுடையது. ஜிராண்டோனியின் உருண்டை விட்டத்தில் அதைவிட 2.6 மடங்குதான்; எடையிலோ 17 மடங்குக்கும் மேல். அவ்வுருண்டையை 20 ஜூலுக்குள் அடக்க வேண்டுமானால், அது நொடிக்கு 65 மீட்டர் வேகத்தில்தான் செல்ல இயலும்.

இன்று எல்லைப்புற ஊர்களில் சிக்கல் மீண்டும் பயிர்காவலாக வந்துள்ளது. மறையூரில் கரும்பு, மலையடிவாரத்தில் வாழையும் மரவள்ளியும், எங்கும் காட்டுப்பன்றி. 2022 மே மாதத்தில் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. சுடுபவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்க வேண்டும். அரைக் கிராம் குண்டுள்ள ஏர்கன் இங்கே விடையாகாது. அது பன்றியைக் கொல்லாது. தோலைத் துளைத்து, புண்ணோடு புதருக்குள் அனுப்பும். அந்தப் பன்றியை அடுத்த நாள் வழியில் எதிர்கொள்பவர் தோட்டத் தொழிலாளியாகவோ பள்ளிக்குச் செல்லும் சிறுவராகவோ இருக்கலாம். சட்டம் அனுமதிக்கும் இலேசான குண்டு விரட்டுவதற்கு மிகையானது, கொல்வதற்குப் போதாதது.

கானவரின் கவண்கல்லுக்கு இத்தகைய குழப்பம் இருக்கவில்லை. அது எதற்கென எறிபவருக்குத் தெரிந்திருந்தது. ஆவணங்களில் இந்த வரலாற்றைத் தேடுவோர் அவுன்சும் டிராமும் குறித்த வேட்டை நூல்களையே முதலில் எதிர்கொள்வர். மண்ணுண்டையையும் கவண்கல்லையும் எவரும் தராசில் இட்டு எழுதவில்லை. அவற்றின் அளவு கையின் பழக்கத்தில் இருந்தது. உண்டை, கவண், பரண், கடிதல் ஆகிய சொற்கள் அவ்வளவின் எஞ்சிய தடயங்கள். மனித-விலங்கு மோதலுக்கு எவ்வளவு கனமான குண்டு என்று மட்டும் விவாதிக்கும் இன்றைய கொள்கைப் பேச்சு, கொல்லாமல் காக்கும் முறைகளுக்கு இம்மலையில் நீண்ட மரபு இருந்ததை அந்தச் சொற்களிலிருந்தாவது கணக்கில் கொள்ள வேண்டும்.