பொறி விழும் நேரம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பால்மரத்தையும் கங்காணியையும் பற்றி விரிவாக எழுதுகின்றனர். தோட்டத்து மோட்டார் ஓட்டியைப் பற்றி எழுதுவோர் அரியர். கித்தாவின் வரலாறோ மோட்டாரோடு பிணைந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1908இல் ஹென்றி போர்டின் ‘மாடல் டி’ கார் வெளிவந்தது. 1927க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டன. இத்தகைய வண்டிகளின் சக்கரங்களுக்காகவே சிரம்பானைச் சுற்றிலும் போர்ட்டிக்சன் வழியிலும் காடு அழிந்து கித்தா எழுந்தது.

மாடல் டி காரின் கைச்சக்கரத்துக்குக் கீழே இடப்புறம் ஒரு நெம்புகோல் இருந்தது. பொறி விழும் நேரத்தை ஓட்டியே அதனால் மாற்றினான். உருளைக்குள் பெட்ரோல் ஆவி எரியச் சிறிது நேரம் வேண்டும். ஆதலின் பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி விழவேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முந்தவேண்டும். முந்தல், பிந்தல் என்றே நாம் சொல்வோம். ‘பின்பற்றல்’ என்று யாரேனும் கலைச்சொல் படைத்தால் மாணவர் வேறு பொருள் கொள்வர்!

கைப்பிடியைச் சுற்றி வண்டியைக் கிளப்பும்போது வேகம் இல்லை. அப்பொழுது நெம்புகோலை மேலே தள்ளிப் பொறியைப் பிந்தச் செய்யாவிடில் இயந்திரம் எதிர்த்திசையில் உதைக்கும். சுற்றியவன் மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலாக இழுக்கவேண்டும் என்ற விதி இதனால் பிறந்தது. 1912இல் காடிலாக் காரில் மின்சாரக் கிளப்பி வந்தது. மாடல் டி காருக்கு 1919இல்தான் கிடைத்தது. துரை வண்டிக்குள் அமர்ந்திருக்க, வெளியே நின்று சுற்றிய கை யாருடையது என்று விளக்க வேண்டியதில்லை.

சிரம்பானிலிருந்து ஜெலுபு செல்லும் வழியில் புக்கிட் தங்கா என்னும் மலையேற்றம் உண்டு. ‘தங்கா’ என்றால் மலாயில் படிக்கட்டு, பெயர் பொருத்தமே. ஏற்றத்தில் வேகம் தளரும்போது பொறியைப் பிந்தவிடாவிடில் இயந்திரம் தட்டும். அந்த ஓசையைக் கேட்டே கோலை நகர்த்தவேண்டும். ஏட்டுப் படிப்பில்லாதவர்க்கும் காது படிப்பித்த கல்வி இது.

ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, பெட்ரோல் அரிதாயிற்று. கித்தாவைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தனர். கரிவாயுவிலும் வண்டிகள் ஓடின. பால்மரமே வண்டிக்குத் தீனியாயிற்று! தரங்குறைந்த எண்ணெய் எளிதில் தட்டும். அதற்குப் பொறி பிந்தவேண்டும். கரிவாயு மெதுவாக எரியும், அதற்கு முந்தவேண்டும். ஒரே இயந்திரத்துக்கு இரு வேறு கணக்கு.

1956இல் வந்த மோரிஸ் மைனர் 1000 காரில் ஓட்டிக்கு நெம்புகோல் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த எடைக்கற்களும், உறிஞ்சு விசையும் நேரத்தை மாற்றின. ஆயினும் முதல் அளவை மனிதனே வைக்கவேண்டும். பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. பின், கப்பியிலுள்ள குறியை மூடியின் குறிக்கு நேர்செய்து, சிறு விளக்கு எரியும் கணத்தைப் பார்ப்பர். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு சிறு திருகு. அதனருகே ஏ, ஆர் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். முன்னது முந்தல், பின்னது பிந்தல்.